இரண்டாவது சர்வரைத் தெரியாத வீடு

1

இந்தக் கதை ஒரு அறுந்த அழைப்பில் பிறந்தது. யாரோ தவறிக் கூப்பிட்டார்கள். நான் "ஹலோ" என்பதற்குள் போய்விட்டார்கள். விட்டுத்தொலைக்க வேண்டியதுதானே? மாட்டேன். அந்த மௌனத்துக்குள் ஒரு தங்கையை உட்கார வைத்துவிட்டேன். இணையத் தொலைபேசிக் கம்பெனியில் வேலை அவளுக்கு.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "மழை பெய்துகொண்டிருந்த ஒரு..." [அடித்துவிட்டேன். மழை எல்லார் கதையிலும் பெய்கிறது.]

2

ஆஸ்பத்திரி வராந்தா. மடியில் லேப்டாப்போடு தங்கை. அறைக்குள் அம்மா. இன்னும் சற்று நேரத்தில் இதய ஆபரேஷன். அதற்கு முன் தூரதேசத்து அக்காவின் குரலைக் கேட்டுவிட வேண்டும் அம்மாவுக்கு.

"கெடைச்சாளாடி?"

"பாத்துட்டே இருக்கேம்மா."

அக்கா வீட்டில் ஒரு இணையத் தொலைபேசி இருக்கிறது. அம்மாவோடு பேசுவதற்காகவே தங்கை அமைத்து அனுப்பியது. அம்மாவின் எண்ணும் அதே கம்பெனியுடையதுதான், இன்றைக்கு அதைத் தங்கை தன் லேப்டாப்பில் போட்டு வைத்திருக்கிறாள். [அக்காவிடம் கைபேசி இல்லையா என்பீர்கள். இருக்கிறது. அதில் தங்கையின் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாள். தெரியாத எண்களை எடுப்பதே இல்லை. அம்மாவுக்குக் கைபேசி கிடையாது. சண்டை எதற்கென்றால், அன்றைக்கு மாடியில்— வேண்டாம், குடும்ப விஷயம்.]

3

அக்கா வீட்டு ரவுட்டர், அந்த இணையப் பெட்டி, ஒரு ஞாபகமறதிக் காவல்காரன். உள்ளிருந்து யாரோடு பேச்சு போனதோ அவர்களுக்கு மட்டும் கதவைத் திறந்து வைப்பான். கொஞ்ச நேரம் பேச்சில்லையென்றால் மறந்துபோய்ச் சாத்திவிடுவான். அதனால் போன் அடிக்கடி ஒன்றுமில்லாத ஒரு குட்டிச் செய்தியை சர்வருக்கு, அதாவது அழைப்புகளை இணைத்துவிடும் கம்பெனிக் கணினிக்கு, அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். "அப்புறம்?" "அப்புறம் நீதான் சொல்லணும்" என்று நாம் இழுப்போமே, அந்த மாதிரி.

கம்பெனிக்கு இரண்டு சர்வர். அந்தக் குட்டிச் செய்தியை முதல் சர்வருக்கு மட்டும்தான் அனுப்பச் சொல்லி வைத்திருந்தாள் தங்கை. இன்றைக்கென்று அது படுத்துவிட்டது. இரண்டாவது சர்வர் கூப்பிடுகிறது, கூப்பிடுகிறது, காவல்காரன் "நீ யாரு?" என்கிறான். அக்கா வீட்டில் மணியே அடிக்கவில்லை.

"ஐயோ, நானே அவள உள்ள வெச்சுப் பூட்டிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இனி அக்காவாக ரிசீவரை எடுத்தால்தான் உண்டு. முதலாவது பதில் சொல்லாவிட்டால் போன் இரண்டாவதைத் தேடிப் போகும். கதவு திறக்கும்.

4

முடிவு ஒன்று: அக்கா எடுக்கவில்லை. [எழுதினேன். மனசு கேட்கவில்லை. கிழித்தேன்.]

முடிவு இரண்டு: அக்கா வீட்டில் வெயில் தரையில் மெல்ல ஊர்கிறது. துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்குச் சும்மாவே அம்மா நினைப்பு வருகிறது. ரிசீவரை எடுக்கிறாள். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று திட்டுவீர்கள். தாராளமாகத் திட்டுங்கள். அம்மாவின் எண்ணுக்கு வந்த அழைப்பு தங்கையின் மடியில் ஒலிக்கிறது.

"அம்மா?"

"அக்கா, நாந்தான். வெச்சிராதக்கா."

அக்கா வைக்கவில்லை. அதற்குள் அம்மாவின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். தங்கை லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடுகிறாள். வராந்தா கனவில் வருவதுபோல நீள்கிறது. நீட்டுவது நான்தான், பயத்தில்.

"ஏய், ஏன்டி ஓடுற? என்னாச்சு?"

எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அக்கா அவளிடம் பேசிய முதல் பேச்சு. கட்டில் லிஃப்டுக்குள் ஏறிவிட்டது. பேனாவைப் போட்டுவிட்டு, லிஃப்ட் கதவை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தங்கை என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கள், கை வலிக்கிறது.