கூரைமேல் போகும் தெரு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாலு வருஷத்துக்குப் பிறகு லீவு கிடைத்தது. அவராகக் கேட்டு வாங்கியதல்ல. பதினோராவது மாடியில், திறந்து வைத்த லிஃப்ட் கதவுக்கு முன்னால், கையில் ஸ்பேனரோடு நின்றபடியே தூங்கிவிட்டார். கூட வேலை பார்த்தவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்காவிட்டால் கதை அன்றோடு முடிந்திருக்கும். மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு, "ஆறு நாளைக்கு இந்தப் பக்கமே தலை காட்டாதீங்க" என்று அனுப்பிவிட்டார்.

பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்த அவர் மனைவிக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று.

"லிஃப்டே இல்லாத ஊரா பார்த்து வெச்சிருக்கேன். போவோமா?"

"அப்படி ஒரு ஊர் இருந்தா அங்கேயே படுத்துக்கிறேன், எழுப்பாதே."

இருந்தது. யாரும் அதிகம் போகாத ஊர். மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக நாற்பத்தொரு வீடுகள். கீழ் வீட்டின் கூரைதான் மேல் வீட்டின் வாசல். தெரு என்று தனியாக எதுவும் கிடையாது. ஒருவர் கூரையில் நடந்து, ஓரத்தில் ஏழெட்டுப் படி ஏறினால் அடுத்தவர் கூரை. காய்கிற துணியை விலக்கிக்கொண்டு, உலர்த்திய மிளகாயை மிதிக்காமல், "கொஞ்சம் நகருங்க" என்று படுத்திருக்கிறவரிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும். இந்த வேடிக்கையைப் பார்க்க நாளைக்குப் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். உச்சிக் கூரையில் நின்று பள்ளத்தாக்கைப் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

பஸ் அடிவாரத்தில் இறக்கிவிட்டது. வீடுகளுக்குப் பக்கவாட்டில் இரண்டு தண்டவாளம் சரிவோடு சரிவாக மேலே போனது. அதில் சக்கரம் வைத்த ஓர் இரும்புப் பெட்டி. உச்சியில் இருக்கும் மோட்டார் கம்பி வடத்தால் அதை இழுக்கும். அரிசி மூட்டை, சிலிண்டர், தண்ணீர் கேன் எல்லாம் அதில்தான் ஏறும். இவர்கள் பைகளையும் அதில் வைக்கச் சொன்னார்கள்.

மெக்கானிக் பையை வைக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. வடம் பெட்டியோடு சேர்கிற இடத்தில் முள் முளைத்தாற்போல அறுந்த இழைகள் துருத்திக்கொண்டிருந்தன.

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். "வேண்டாங்க. நீங்க எதையும் பார்க்கல. சரியா?"

"சாமான்தானே போகுது," என்றார் அவர், தனக்கே சொல்லிக்கொள்வது போல. பெட்டி கரகரவென்று ஏறியது. இவர்கள் நடந்து ஏறினார்கள்.

விடுதி பதினேழாவது வீடு. விடுதிக்கார அம்மா, ஐம்பதைத் தாண்டியவர், பேச்சில் முற்றுப்புள்ளி வைக்காதவர், அறையைத் திறந்துவிட்டார். "மேல ஆள் நடப்பாங்க, சத்தம் வரும், அது எங்க ஊர் மழை, பழகிடும்."

மெக்கானிக்குக்கு முழங்கால் விண் விண்ணென்றது. கட்டிலில் விழுந்தார். உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தும் தூக்கம் மட்டும் வரவில்லை. தலைக்குமேல் யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பெட்டி மணிக்கு ஒருதரம் கரகரத்துப் போயிற்று. ஒவ்வொரு தரமும் இவர் மனசுக்குள் அறுந்த இழைகளை எண்ணினார். நாலு நாளைக்கு அப்புறம் நீ யாரோ நான் யாரோ, என்று புரண்டு படுத்தார்.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் மறுபடி சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தார். பெட்டிக்குள், இரண்டு மூட்டைக்கு நடுவில், குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்து மேலே போய்க்கொண்டிருந்தாள். நிறைமாசம். இவரைப் பார்த்து, புதுசாக வந்தவர்தானே என்று சிரித்து வேறு வைத்தாள்.

அவர் செருப்பைத் தேடினார். மனைவி அதை எடுத்து நீட்டினாள். அவளும் பார்த்துவிட்டாள்.

பதினேழாவது கூரையிலிருந்து நாற்பத்தொன்றாவது கூரைக்கு மெக்கானிக் எப்படி ஏறினார் என்பது அவருக்கும் அவர் முழங்காலுக்கும்தான் தெரியும். மூன்று இடத்தில் உட்கார்ந்தார். உச்சியில் எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்க, இவர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்தார்.

மோட்டார்காரர் முப்பது வயசு இருக்கும். குடையோடு வந்த பெண் அவர் மனைவி. அப்போதுதான் இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இதை நிறுத்துங்க. வடம் போயிடுச்சு."

"யார் சார் நீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"எங்க ஊர்ல லிஃப்ட் இல்லையே?" வெளியே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மோட்டார்காரர் தொடர்ந்தார். "பதினோரு வருஷமா ஓடுது சார். என் பொண்டாட்டியையே ஏத்தி அனுப்புறேன். நம்பிக்கை இல்லாமலா?"

மெக்கானிக் வாதாடவில்லை. வாதாடத் தெம்பில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வடத்தைச் சுற்றிப் பிடித்தார். "மெதுவா ஓட்டுங்க, நிறுத்துன்னா நிறுத்துங்க." வடம் நகர்ந்தது. முதல் சாணிலேயே துண்டு சிக்கியது. விடுவித்துப் பிடித்தார். மறுபடி சிக்கியது. பத்தடி ஓடுவதற்குள் துண்டு நார் நாராகத் தொங்கியது. அதை மோட்டார்காரர் கையில் கொடுத்தார்.

"ஒவ்வொரு சிக்கலும் ஒரு இழை அறுந்த இடம் தம்பி. இது அறுந்தா சொல்லிக்கிட்டு அறாது."

மோட்டார்காரர் துண்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பெட்டி நின்றால் ஊரே நின்ற மாதிரி. புது வடம் டவுனிலிருந்து வர மூன்று நாள் ஆகும். மறுநாள் விடுதிக்கு எட்டுப் பேர் வருகிறார்கள். விடுதிக்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையால்ல இருக்கு! வந்தமா, பார்த்தமா, போனமான்னு இருக்கக் கூடாதா சார்? தண்ணியை யாரு தூக்குவா? நீங்களா?"

"தூக்குறேன்," என்றார் மெக்கானிக். வீம்புக்குச் சொல்லவில்லை. வேறு பதில் அவருக்குத் தோன்றவில்லை.

தூக்கினார். லீவின் அடுத்த மூன்று நாளும் அப்படித்தான் போயிற்று. காலையில் அடிவாரத்துக்கு இறங்குவது, ஒரு கேனோடு ஏறுவது. மனைவியும் சேலையைச் செருகிக்கொண்டு காய்கறிக் கூடையைத் தூக்கினாள். அந்த எட்டுப் பேரும் வந்து, தங்கள் பைகளைத் தாங்களே சுமந்து, முனகி, ஒரே நாளில் கிளம்பிப் போனார்கள். ஊர்க்காரர்கள் இவரைத் திட்டவில்லை. கூரையில் எதிரே வரும்போது மூட்டையோடு ஒதுங்கி வழிவிட்டு, பேசாமல் நின்றார்கள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒன்பதாவது கூரையில் இருவரும் கேனை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"கோபமா?" என்றார் அவர்.

"எனக்கா? கோபப்படக் கூடத் தெம்பில்லை." அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கொப்புளம் வைத்திருந்தது. "நீங்க வீட்டுக்கு வந்ததும் வாயே திறக்காம படுத்துக்குவீங்களே. நான் எத்தனை நாள் சண்டை போட்டிருக்கேன், சுவரோட குடித்தனம் பண்றேன்னு."

"ம்."

"தினமும் இப்படித்தானா? சரின்னு ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு வர முடியாம, யார்கிட்டயோ பேச்சு வாங்கிக்கிட்டு?"

அவர் யோசித்தார். "தினமும் இல்லை. வாரத்துல ரெண்டு தடவை."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே பெருமூச்சாகிப் போனது. கீழ் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, மேலே ஆள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று சரிபார்த்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் புது வடம் வந்தது. மெக்கானிக்கும் மோட்டார்காரரும் பொழுது சாய்கிறவரை அதை மாட்டினார்கள். பிரேக் கட்டையையும் தேய்ந்திருந்ததால் மாற்றினார்கள். கல்லை நிரப்பி மூன்று தரம் ஏற்றி இறக்கினார்கள். கரகரப்பு போய்விட்டது. யாரும் கைதட்டவில்லை. அவரவர் வீட்டு மூட்டையை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"இனி நான் ஏறலாமா?" என்று கேட்டாள் மோட்டார்காரர் மனைவி.

"கூடாதும்மா. இது சாமானுக்கு. என்னிக்குமே ஆள் ஏறக் கூடாது."

"அப்ப வலி எடுத்தா நான் எப்படி இறங்குறது? இன்னும் பத்து நாள்தான் இருக்கு."

மெக்கானிக்குக்கு வடத்தை மாற்றத் தெரிந்தது, மலையை மாற்றத் தெரியவில்லை. அவர் மனைவிதான் சொன்னாள். "டவுன்ல சொந்தக்காரங்க யாரும் இல்லையா உனக்கு?"

"அக்கா இருக்கா."

"நாளைக்குக் காலையில நாங்க கிளம்புறோம். எங்ககூடவே வந்துடு. வலி வந்தப்புறம் ஓடுறதை விட, இப்பவே நடந்துடலாம்."

மறுநாள் விடுதிக்கார அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். "அடுத்த தடவை வந்தா கண்ணைக் கட்டிக்கிட்டு வாங்க," என்றார். முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் டீயில் சர்க்கரை தாராளமாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரைப் பார்த்துக்கொள்ள, பைகள் பெட்டியில் இறங்கின; நாலு பேரும் கூரை கூரையாக இறங்கினார்கள். முன்னால் மோட்டார்காரர், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி, அவளுக்குப் பக்கத்தில் கிளார்க்கம்மா, கடைசியில் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு மெக்கானிக். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறைமாசக்காரி உட்கார்ந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது, "ஆம்பளைப் பிள்ளையா பொம்பளைப் பிள்ளையா, வயித்தைப் பார்த்தே சொல்றேன்" என்று ஆரூடம் வந்தது. மெக்கானிக்கின் முழங்காலுக்கும் அந்த நடைதான் சரியாக இருந்தது. பன்னிரண்டாவது கூரையில் இருக்கும்போதே பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனது தெரிந்தது.

"போச்சா?" என்றாள் மோட்டார்காரர் மனைவி.

"அடுத்தது ரெண்டு மணிக்கு. நீ மெதுவா வா," என்றாள் கிளார்க்கம்மா.

அடிவாரத்துக்கு வந்து சேர வெயில் ஏறிவிட்டது. பஸ் நிற்கிற இடத்தில் ஒரு நீளமான கல் கிடந்தது. மோட்டார்காரர் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து வீங்கிய பாதத்தைத் தேய்த்துக்கொண்டாள். மெக்கானிக் கல்லின் மறுமுனையில் உட்கார்ந்து, பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும்.

"அந்த உச்சியிலிருந்து பார்த்தா எப்படி இருக்கும்னு பார்த்தீங்களா?" என்று கேட்டாள் மனைவி. "நான் கேனும் கூடையுமா பதினேழோட நின்னுட்டேன்."

பதிலுக்கு லேசான குறட்டைதான் வந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் அவர் முகத்தில் வெயில் படாமல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.