மேசையில் நால்வர்

ஞாயிறு மதியம் ஒன்றரை மணி. மேசையில் இருந்தவர்கள்: சன்னல் பக்கம் நான். எனக்கு எதிரே என் மனைவி. அவளுக்கு வலப்புறம், சமையலறைக் கதவை ஒட்டி மகள். எனக்கு இடப்புறம் மகன். ஐந்தாவது நாற்காலி காலி. நீ வந்தால் உட்காருவது.

தங்கைக்குக் கடிதத்தை இப்படித்தான் தொடங்கினேன். கிடங்கில் சரக்கு இறங்கினால் எது எங்கே இருக்கிறது என்பதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன். முப்பது வருடப் பழக்கம்.

வருகிற பதினாலாம் தேதி அவளுக்கும் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன். எனக்கு நடந்து பதினொரு மாதம் ஆகிறது. போன வாரம் போனில் கேட்டாள்:

"அண்ணா, அப்புறமும் சாப்பாடு ருசிக்குமா?"

"ருசிக்காம என்ன?"

"போன்ல சொல்லாதே, போன்ல நீ புளுகுவே. எழுதி அனுப்பு. எழுதினா உனக்குப் பொய் வராது. ருசிக்கலைன்னு எழுதினேன்னா நான் போய்ப் படுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

படுக்காவிட்டால் இதயம் இரண்டு வருடம் தாங்குவதே அதிகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "அந்த ரெண்டு வருஷம் நல்லா சாப்பிட்டுட்டுப் போறேனே" என்று அவரிடமே சிரித்தாளாம். மாப்பிள்ளை போனில் அழுதார்.

பள்ளிக்கூடத்தில் நான் பெரிய மூட்டை, அவள் சின்ன மூட்டை. இறைச்சி வெந்த சட்டியின் அடியில் ஒட்டியதை ரொட்டியால் துடைத்துத் தின்ன, கரண்டியால் நடுவில் கோடு கிழிப்போம். இடப்பாதி எனக்கு, வலப்பாதி அவளுக்கு. இரண்டு பேருக்கும் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்த பிறகும் அப்படித்தான். "இந்த ரெண்டு மூட்டையும் வந்தா சட்டி கழுவுற வேலை மிச்சம்" என்பாள் மனைவி. மகன் ரொட்டியை எண்ணுவான்: "அப்பா எட்டு, அத்தை ஒன்பது. அத்தை ஜெயிச்சாச்சு!" சிரித்துச் சிரித்து யாருக்காவது புரையேறும்.

இப்போது எனக்குக் குழந்தைக் கிண்ணம், குழந்தை ஸ்பூன். முதல் ஸ்பூன் ருசிக்கிறது, முன்பைவிடக்கூட. நாலாவதில் மூக்கு ஒழுகும். போதும் என்று அர்த்தம். ஐந்தாவதை விழுங்கினால் நெஞ்சில் கல் உட்கார்ந்துவிடும். இரண்டாம் மாதம் ஒருநாள், இவர்கள் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே ஆறாவது ஸ்பூனும் போட்டுக்கொண்டேன். பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்தபடி விழுந்தேன். மகள் அன்று முழுக்க அழுதாள். அதற்குப் பிறகு என் எதிரில் யாரும் ரசித்துச் சாப்பிடுவதில்லை.

இதெல்லாம் எழுத எனக்கு வரும். எழுத வராதது, இன்று மதியம் மேசையில் உட்காரும் முன் நடந்தது. கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் பால்கனிக்குப் போனேன். தெருவின் எதிர்ப்பக்கம் எங்கள் கார், கண்ணாடியெல்லாம் ஏற்றி நின்றது. உள்ளே மூவரும். மடியில் பொரித்த கோழிப் பெட்டி. மகன் ஒரு எலும்பை மைக் மாதிரிப் பிடித்து என்னவோ சொல்ல, மனைவி ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை எங்கள் மேசையில் நான் பார்த்து எத்தனை மாதம்!

மேலே வந்து, ஆளுக்கு ஒரு கரண்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"பசியில்லப்பா" என்றாள் மகள். புதினா மிட்டாய் மணத்தது.

"இந்த வெயிலுக்கு எங்கே இறங்குது?" என்றாள் மனைவி.

மகனின் தாடையில் எண்ணெய் மினுங்கியது. கைக்குட்டையை நீட்டினேன்.

"எனக்கு எதுக்குப்பா? மூக்கு ஒழுகுறது உங்களுக்கு" என்றான்.

எல்லோரும் கொஞ்சம் சிரித்தோம். நான் ஸ்பூனைக் கீழே வைத்ததும் மூன்று தட்டுகளும் நகர்ந்தன.

எனக்காகத்தான் செய்கிறார்கள். கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. தெரியும் என்று சொன்னால் அந்தக் காரும் போய்விடும் அவர்களுக்கு.

மாலையில் கடிதத்தை முடித்தேன். யார் எங்கே உட்கார்ந்தோம் என்பதற்குக் கீழே இவ்வளவுதான் எழுதினேன்: "ருசிக்கும். முதல் ஸ்பூன் முன்னைவிட ருசிக்கும். நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். பயப்படாமல் போய்ப் படு. இப்படிக்கு, பெரிய மூட்டை." திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை பொய்யில்லை. நம்பிவிடுவாள். பிழைத்தும் விடுவாள். அப்புறம் மாப்பிள்ளையும் எங்காவது ஒரு காரைத் தேடிக்கொள்வார்.

உறையை ஒட்டித் தபால்தலை வைத்தேன்.

"கொடுங்க, நான் போட்டுட்டு வரேன்" என்று மனைவி கார் சாவியை எடுத்தாள். மகள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "இருங்க, நானும் வரேன்" என்று மகன் ஓடினான்.

தபால்பெட்டி எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது. ஒரு கடிதத்தைப் போட மூன்று பேரும் காரில் போனார்கள்.