ஆளில்லாத மைக்

அன்று மழை தூறியதா இல்லையா என்பதில்கூட உறுதியில்லை. லவினா தூறியது என்கிறாள். க்ளென் அந்த ஒயிட்ஃபீல்டு மேடையைப் பற்றிப் பேசுவதேயில்லை. அதனால் இதில் சில இடங்கள் ஊகமாகவும் இருக்கலாம். ஆனால் மைக் ஒன்றுதான் இருந்தது என்பது நிச்சயம்.

'நைன்த் கிராஸ்' குழுவுக்கு எப்போதும் ஒரே மைக்தான். அமெரிக்க மலைநாட்டு ப்ளூகிராஸ் இசையில் அப்படியொரு பழைய வழக்கம். நால்வரும் அதைச் சுற்றி நிற்பார்கள். யாருடைய முறை வருகிறதோ அவர் ஓரடி முன்னால் வந்து வாசிப்பார். மற்றவர்கள் விலகி வழிவிடுவார்கள். சிரில் கிட்டாருடன் பாடுவான். லவினாவுக்கு வயலின், கிளிஃபர்டுக்கு ஆளுயர பேஸ், க்ளெனுக்கு பேஞ்சோ என்ற தோல்முகத் தந்திக் கருவி.

அடுகோடியில் க்ளெனுடைய அப்பாவின் பட்டறையில்தான் ஒத்திகை. 'பகல் ஷிஃப்ட்' என்ற பாட்டு பிறந்ததும் அங்கேதான். பிரஸ் மெஷின் தகடு வெட்டும் தாளத்தை இரண்டு மாதம் விரல்களில் பிடித்துப் பார்த்து, மெட்டுக் கட்டி, வரிகளையும் க்ளெனே எழுதினான். பாட்டு இணையத்தில் வெளியானபோது கீழே எழுதியவர் என்று சிரிலின் பெயர் இருந்தது.

"பேண்டுதானே மச்சி. யார் பேர் போட்டா இன்னா?" என்றான் சிரில்.

"அப்ப என் பேரப் போடு."

"சரி குரு, கோச்சுக்காத. ஒயிட்ஃபீல்டு ஷோல மேடையிலயே சொல்லிர்றேன். போதுமா?"

க்ளென் தலையாட்டினான். அதன்பின் மூன்று வாரம் அவன் ஒரு ஒத்திகையையும் தவறவிடவில்லை. ஒத்திகைக்கு வந்தான், வாசித்தான், போனான். உள்ளுக்குள் ஒன்றைத் தீர்மானித்து வைத்திருந்தான். பெயரைச் சொன்னால் வாசிப்பது. சொல்லாவிட்டால், தன் முறை வரும்போது முன்னால் போவதில்லை. அத்தனை பேருக்கு முன்னால் மைக் அநாதையாக நிற்கட்டும். அப்போது சிரிலின் முகம் எப்படிச் சுருங்கும் என்பதை பஸ்ஸில், குளிக்கும்போது, ஞாயிறு பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போதுகூட அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வாரத்தில், சிரில் சொல்லாமலே விட்டால் நன்றாயிருக்கும் என்றுகூட ஆசைப்பட ஆரம்பித்திருந்தான்.

ஒயிட்ஃபீல்டு மைதானத்தில் மாலை ஐந்து மணிக்கு இரண்டாயிரம் பேர் இருந்தார்கள். சிரில் மைக்கை நெருங்கினான்.

"இந்தப் பாட்டு, எங்கப்பா ஒர்க்‌ஷாப்ல மெஷின் சத்தத்தக் கேட்டுக்கிட்டே நான் எழுதினது."

சிரிலின் அப்பா பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"டேய், அப்பாவையும் சேத்துத் தூக்கிட்டான்டா," என்று கிளிஃபர்ட் பேஸுக்குப் பின்னாலிருந்து முணுமுணுத்தான்.

முதல் சரணம் முடிந்தது. பேஞ்சோவின் முறை. சிரில் விலகினான், லவினா விலகினாள். க்ளென் நகரவில்லை. உள்ளங்கையால் தந்திகளை அழுத்தி ஓசையை அடக்கிக்கொண்டான். கிளிஃபர்டும் நிறுத்திவிட்டான். பயத்திலா, க்ளெனுக்காகவா என்று இன்றுவரை சொல்லவில்லை. சிரிலின் முகம் வெளுத்தது. "வாடா" என்று உதடு மட்டும் அசைந்தது. மூன்று வாரமாக மனதில் பார்த்துவந்த முகம். க்ளென் அதை நிதானமாகப் பார்த்தான்.

முன்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். பாட்டின் தாளம், பிசகாமல். அடுத்த வரிசையும் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் மொத்த மைதானமும் பிரஸ் மெஷினாக அடித்தது. பேஞ்சோவுக்கான பதினாறு எண்ணிக்கை முடிந்ததும், எல்லாம் முன்பே பேசி வைத்ததுபோல, சிரில் சிரித்தபடி முன்னால் வந்து அடுத்த வரியை எடுத்தான்.

அந்த வீடியோவை முப்பது லட்சம் பேர் பார்த்தார்கள்.

சிரிலும் லவினாவும் இப்போது ஊர் ஊராகப் போகிறார்கள். அடுத்த மாதம் ஜெர்மனி. லவினா பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள். கிளிஃபர்ட் கல்யாணமாகி மங்களூருக்குப் போய்விட்டான். பேஸுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். க்ளென் விலகியபின் பேஞ்சோவுக்கு ஆள் எடுக்கவில்லை. ஒவ்வொரு மேடையிலும் அந்த இடத்தில் எல்லோரும் பின்வாங்கி நிற்கிறார்கள், கூட்டம் தட்டுகிறது. பாட்டின் கீழே சிரிலின் பெயர்தான் இருக்கிறது. க்ளென் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களின் தரம் பார்க்கிறான். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து இருக்கை பார்கவி அடிக்கடி அந்த வீடியோவைப் போட்டு, முன்சீட்டுக் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டு வருவாள். ஏழாவது தட்டு எப்போதும் கொஞ்சம் பிந்தும். அதையோ, பாட்டு தன்னுடையது என்பதையோ க்ளென் சொல்வதில்லை.