மணிக்கொரு தரம்

மின்கம்பம் ஏறுகிறவருக்குக் கால்களை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் லைன்மேனையும் அவர் மனைவியையும் உட்காரவைத்து விலாவாரியாகச் சொன்னார். நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி உப்பிக் கிடக்கிறது. வெடித்தால் ஆள் காலி.

"குழாயை மாத்திடலாம். ஆனா இதுல உயிர் பிழைச்சும் கால் போறது உண்டு. தண்டுவடத்துக்கு ரத்தம் கொறஞ்சா இடுப்புக்குக் கீழ விளங்காம போயிடும். ரெண்டு மூணு நாள் கழிச்சுக்கூட வரும். இங்க அதை ரொம்பக் கொறச்சிருக்கோம். பெரிய வித்தையெல்லாம் இல்லம்மா. மணிக்கொரு தரம் எழுப்பி, காலைத் தூக்கச் சொல்லுவோம். தூக்கலைன்னா உடனே பிரஷரை ஏத்தி, முதுகுல வச்ச குழாய் வழியா தண்டுவட நீரை இறக்குவோம். பெரும்பாலும் கால் திரும்பிடும். கவனிக்காம விட்டா போச்சு."

அவள் மண்டையை மண்டையை ஆட்டினாள். புரிந்துதான் ஆட்டினாள், அதுதான் கொடுமை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் அவளைக் கட்டிலருகே உட்காரவிட்டார்கள். தூக்கத்தில் எழுப்பினால் லைன்மேனுக்கு ஆகாது. நர்ஸ்தான் எழுப்பினாள், திட்டு என்னவோ பெண்டாட்டிக்கு.

"சனியனே, மனுஷனைத் தூங்க விடமாட்டீங்களா? நீ இங்க உக்காந்து என்னத்தக் கிழிக்கிற?"

வார்டே திரும்பிப் பார்த்தது. முப்பது வருஷமாக வீட்டுக்குள் வாங்கியதை ஊர் பார்க்க வாங்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மதியம் இரண்டு மணி. அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், அக்கா அக்கா என்று வளைய வருகிறவள்.

"இப்பதாம்மா அசைச்சாரு. ரெண்டு காலும். நான் பாத்தேன். தூங்கட்டும்" என்றாள் மனைவி.

"நானே பாக்கணும்க்கா..." என்று இழுத்தாள் நர்ஸ். அதற்குள் பக்கத்துக் கட்டிலின் மெஷின் கத்தியது. தாளில் டிக் அடித்துவிட்டு ஓடினாள்.

மூன்று மணிக்கும் அதே பதில், அதே டிக். நான்கு மணிக்கு வாசலிலிருந்தே புருவத்தைத் தூக்கினாள், இவள் தலையாட்டினாள். யாரும் கத்தாத அந்த மூன்று மணி நேரத்தில் நிம்மதியாக ஓர் ஆரஞ்சை உரித்துத் தின்றாள்.

ஐந்து மணிக்கு டாக்டர் எழுப்பினார். "காலைத் தூக்குங்க."

"தூக்கிட்டேனே" என்றார் லைன்மேன்.

இரண்டு காலும் விறகுக்கட்டையாகக் கிடந்தன. பிரஷரை ஏற்றினார்கள், நீரை இறக்கினார்கள், ஓடினார்கள், அலைந்தார்கள். கால் திரும்பவில்லை.

விசாரணை நடந்தது. நர்ஸ் அழுது கண் வீங்கி நின்றாள். "அக்கா, நீங்கதானே சொன்னீங்க? ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. என் வேலை போயிடும்."

லைன்மேன் சக்கர நாற்காலியிலிருந்து மனைவியை ஏறிட்டார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே. எனக்கு என்ன தெரியும்?" என்றாள் அவள்.

நர்ஸ் அன்றே பையைத் தூக்கிக்கொண்டு போனாள். "நாசமாப் போவா" என்று லைன்மேன் வாய் நிறையச் சபித்தார். "ஆமாங்க" என்றாள் இவள். சொன்ன நாக்கு அவளுக்கே கசந்தது.

வீட்டுக்கு வந்ததும் லைன்மேன் தலைமாட்டில் அலாரம் வைத்துக்கொண்டார். மணிக்கொரு தரம் அது அடிக்கும். "பாருடி, அசையுதா?" அவள் போர்வையை விலக்கிப் பார்க்க வேண்டும். "இல்லீங்க" என்றால் வசவு. அவரும் தூங்கவில்லை, அவளையும் விடவில்லை. இப்படியே பத்தொன்பது நாள். கடவுளே, மனுஷி எத்தனை தரம்தான் அந்தக் கால்களைப் பார்ப்பாள்!

இருபதாம் நாள் மதியம் அலாரம் அடித்தது. அவள் போர்வையைத் தொடவே இல்லை.

"அசைச்சீங்க. ரெண்டு காலும். நான் பாத்தேன். தூங்குங்க."

லைன்மேன் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் கையைப் பிடித்து முத்தமிட்டார். பிறகு இரண்டு கையையும் அவள் தோளில் போட்டார்.

"அப்ப என்னைத் தூக்கி நிறுத்து."