இது குப்பை இல்லை

சீசன் முடிந்ததும் எங்கள் மாம்பழக்கூழ் கம்பெனியில் பழைய டிரம்களை விலைக்குப் போடுவார்கள். இடுப்புயர நீல டிரம். மூடிமேல் இரும்பு வளையத்தைப் போட்டு இறுக்கிவிட்டால் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. நான் ஒன்றை வாங்கிவந்து கூடத்து மூலையில் வைத்ததும் என் வீட்டுக்காரர் ஏழுமலை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னாமே இது, ஊறுகா போடப் போறியா?"

விளக்கிச் சொன்னேன். கம்பெனியில் எங்களுக்கு ஆபத்துக் காலப் பயிற்சி கொடுக்க ஒருவர் வந்திருந்தார். மூன்று நாளைக்கு உதவி என்று யாரும் வரமாட்டார்கள், அப்படி நினைத்துக்கொண்டு வீட்டைத் தயார் செய்யுங்கள் என்றார். மற்றவர்கள் அவர் கொடுத்த சமோசாவைத் தின்றுவிட்டு எழுந்து போனார்கள். எனக்கு மட்டும் அது மனதில் உட்கார்ந்துகொண்டது. எங்கள் ஊர் சித்தூருக்குப் பத்து கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் ஓடைமேல் ஒரு தரைப்பாலம் இருக்கிறது. நல்ல மழை பிடித்தால் அது தண்ணீருக்குள் போய்விடும். எனக்கோ பத்து வயதிலிருந்து ஆஸ்துமா. பாலம் முங்கிய நாளில் மூச்சு முட்டினால் என்ன கதி?

"உனுக்கு எப்பவும் கெட்டதுதான் தோணும்" என்றார் அவர். பக்கத்து வீட்டு பாலையா ஒருபடி மேலே போனார். "இன்னா பிரேமலதா, ஊர வுட்டே ஓடிடலாம்னு மூட்டை கட்டிக்கினு கீறியா?" என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்டார். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

ஒரு மாதம் பாடுபட்டு டிரம்மை நிரப்பினேன். அவல், வெல்லம், உப்பு சர்க்கரைப் பொடி, தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரை, கயிறு, டார்ச், மெழுகுவத்தி, விசில், பட்டா, ஆதார் நகல்கள். அடியில், பத்திரமாக, என் மருந்துகள். மூச்சு இரைக்கும்போது உடனே அடிக்கும் பஃப் ஒன்று, அது நீல மூடி. தினமும் காலையில் அடிக்கும் பஃப் ஒன்று, அது பழுப்பு மூடி. திணறும்போது பழுப்பை அடித்து எந்தப் பிரயோஜனமும் இல்லை. அப்புறம் ஒரு தண்ணீர் பாட்டில். அடிப்பக்கத்தில் பஃபின் வாய் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டிருந்தேன். ரொம்ப இரைக்கும்போது பஃபை நேராக வாயில் வைத்து இழுக்க வராது. இப்படி பாட்டிலுக்குள் அடித்து மறுமுனையில் மெல்ல மெல்ல இழுக்கலாம் என்று டாக்டரே காட்டிக்கொடுத்தார். ஒவ்வொன்றின்மேலும் வெள்ளைப் பட்டை ஒட்டி முத்து முத்தான எழுத்தில் எழுதினேன். 'அவசரத்துக்கு இது.' 'திணறும்போது இது வேண்டாம்.' பாட்டில்மேல், 'இது குப்பை இல்லை.'

பிறகு ஆரம்பித்தது கொள்ளை. தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு தினமும் திருப்பதிக்கு வேன் ஓட்டுகிற என் வீட்டு மனுஷன், தார்ப்பாய் கட்ட என் கயிற்றை எடுத்துக்கொண்டு போனார். டார்ச்சுக்குள் இருந்த பேட்டரி டிவி ரிமோட்டுக்குள் போய் உட்கார்ந்தது. அவலைப் பாயசம் செய்து தின்றார்கள், அவரும் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த மகள் அக்ஷயாவும். ஆயுத பூஜையன்று வேனுக்குப் பொட்டு வைத்த கையோடு டிரம்முக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டுப் போனார். இவருக்கு ஒரு பொருள் எதற்கென்று புரியவில்லையென்றால் அதற்குப் பொட்டு வைத்துவிடுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இனிமே இந்த டிரம்ம யாராவது தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன். என்னத் தவிர யாரும் தொறக்கக் கூடாது" என்று கத்தினேன். அந்த ஒரு பேச்சை மட்டும் அந்த மனுஷன் தட்டாமல் கேட்டார்.

கார்த்திகையில் புயல் வந்தது. இரண்டு நாள் விடாமல் ஊற்றியது. மூன்றாம் நாள் காலை பாலம் முங்கியது, கரண்ட் போனது, மத்தியானத்துக்குள் போனில் டவரும் போனது. எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு குஷி. இப்போது தெரியும் என் அருமை என்று. கேஸும் தீர்ந்திருந்தது. தாழ்வாரத்தில் மூன்று செங்கல் கூட்டி, விறகு அடுக்கி, பயிற்சியில் சொன்னபடியே அடுப்பு மூட்டினேன். பாலையா எட்டிப் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே கொஞ்சம் சத்தம் போட்டுக்கொண்டு மூட்டினேன்.

விறகு ஈரம். புகை அப்படியே என் நெஞ்சுக்குள் இறங்கியது.

கைப்பையிலிருந்த பஃபை அழுத்தினேன். புஸ்ஸென்று வெறும் காற்று. முந்தின வாரமே மாற்றியிருக்க வேண்டும், டிரம்மில்தான் புதுசு இருக்கிறதே என்கிற தைரியத்தில் விட்டுவிட்டேன். அதை அங்கேயே வீசிவிட்டு நாலு எட்டு வைத்துக் கூடத்துக்குள் வருவதற்குள் உட்கார்ந்துவிட்டேன். வளையத்தைத் திறக்கக் கையில் பலம் இல்லை. பேச்சு வரவில்லை. டிரம்மைக் காட்டினேன்.

அவர் பாய்ந்து வந்து வளையத்தை நெம்பினார். தலைகீழாகக் கவிழ்த்தார். அத்தனையும் தரையில் உருண்டது. நான் அடுக்கிய அழகென்ன, அவர் கொட்டிய கொட்டென்ன!

"எது பிரேமா? எதும்மே?" பாட்டில் அவர் காலில் இடறியது. தூக்கிப் பார்த்தார். "ஓட்ட பாட்டில இன்னாத்துக்கு உள்ள வெச்சிக்கினு கீது!" என்று வாசலில் மழையில் வீசினார். 'இது குப்பை இல்லை' என்று எழுதியிருக்கிறதே, கண் தெரியவில்லையா பாவி மனுஷா என்று கத்த வேண்டும்போல இருந்தது. நெஞ்சில் விசில் சத்தம்தான் வந்தது.

பழுப்பு மூடி பஃபை எடுத்து ஓடிவந்து என் வாயில் வைத்தார். இல்லை என்று தலையை ஆட்டினேன். மறுபடி வைத்தார். தட்டிவிட்டேன். எழுதியிருப்பதைப் பார் என்று பட்டையை விரலால் குத்திக் காட்டினேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருதிருவென விழித்தார். மார்க்கெட் சீட்டு ஒன்றையும் பேனாவையும் எடுத்து என் கையில் திணித்தார். 'நீல மூடி' என்று கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தேன்.

அவர் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தமிழு எனுக்குப் படிக்க வராது பிரேமா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரியாத விஷயமா இது? இவர் படித்ததெல்லாம் தெலுங்குப் பள்ளிக்கூடம். குடியாத்தத்திலிருந்து என் தம்பி சம்பத் கல்யாணப் பத்திரிகை வந்தபோது நான்தான் படித்துக் காட்டினேன். வாய் முழுக்கத் தமிழ், கண்ணுக்கு ஒரு எழுத்து தெரியாது. நான் இந்த ஆந்திரப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்து பதினாலு வருஷமாகிறது, எனக்கும் தெலுங்கு பஸ் போர்டைப் படிக்கத் தெரியாது, கண்டக்டரைக் கேட்டுத்தான் ஏறுவேன். எல்லாம் தெரிந்தும் அத்தனை பட்டையிலும் தமிழில் எழுதினேன். யாருக்காக எழுதினேன்? எனக்கு நானே எழுதிக்கொண்ட சீட்டு. எல்லோரையும் முட்டாள் என்று திட்டிய நான்தான் அன்றைக்கு அந்த வீட்டில் பெரிய முட்டாள்.

கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையை நீட்டி டிரம்மைத் தட்டினேன். மறுபடி தட்டினேன். அவர் உள்ளே தலையை விட்டுப் பார்த்தார், காலியாக இருந்தது. நான் விடாமல் அதன் உடம்பைத் தடவித் தடவிக் காட்டினேன்.

"நீலமா? நீலக் கலரா?"

ஆமாம் என்று தலையை அசைத்தேன். தரையில் மண்டிபோட்டு, உப்பு சர்க்கரைக்கும் மெழுகுவத்திக்கும் நடுவில் துழாவி, நீல மூடியை எடுத்துவிட்டார். நேராக வைத்தால் இழுக்க வராது என்று எனக்குத் தெரியும். வாசலைக் காட்டினேன். இம்முறை கேள்வி கேட்கவில்லை. மழையில் ஓடி, சாக்கடைப் பக்கம் மிதந்துகொண்டிருந்த பாட்டிலைப் பிடித்துவந்து, குடத்துத் தண்ணீரில் கழுவி, உதறித் துடைத்துக் கொடுத்தார். பஃபைக் குலுக்கி ஓட்டையில் சொருகிக் காட்டினேன். அவர் அழுத்தினார், நான் இழுத்தேன். ஐந்தாறு மூச்சு. மறுபடி அழுத்தினார். நாலு முறை. கால் மணி நேரம் கழித்துத்தான் சுவரும் கூரையும் இருந்த இடத்தில் நின்றன.

பேச்சு வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "ஈரக் கையால துடைச்சா எப்பிடிய்யா காயும்?"

அவர் சிரிக்கவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார்.

மறுநாள் மாலை பாலம் தெரிந்ததும் சித்தூரில் டாக்டரிடம் போய்வந்தோம். அந்த வாரமே அவர் டிரம்மைத் தானாகத் திறந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்டு, என் பட்டைக்குக் கீழே இன்னொரு பட்டை ஒட்டித் தெலுங்கில் எழுதினார். பேட்டரியை ரிமோட்டிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்து போட்டார். பாட்டில்மேல் மட்டும் ரொம்ப நேரம் எழுதினார். இத்தனை வரி எதற்கு என்று கேட்டேன்.

"குப்ப இல்லன்னுதான். வேற இன்னா எழுதுவாங்க?"

ஞாயிற்றுக்கிழமை அக்ஷயா வந்தாள். அவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அந்தப் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"படிடி, உங்க நைனா இன்னா எழுதிக்கினு கீறாரு?"

அவள் வாய்க்குள் படித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் தமிழில் சொன்னாள். "'தூக்கிப் போட்டுடாதே ஏழுமலை. இதுக்குள்ளதான் பிரேமா மூச்சு கீது.' அவ்ளோதாம்மா."

பதினாலு வருஷத்தில் அந்த மனுஷன் என் பெயரை எழுதியது அதுதான் முதல் தடவை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதில் எது என் பெயர் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.