எதிர் மூலையில் நின்றவன்

அயோவாவில் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் காக்கஸ் கூட்டத்தில் மூடுமந்திரமே கிடையாது. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் யாரை ஆதரிக்கிறோமோ அவர் பெயர் ஒட்டிய மூலையில் போய் நிற்க வேண்டும். ஊரே பார்க்கும். மார்லிஸுக்கு வயிறு எரிந்ததும் அதனால்தான். கட்டின புருஷன் டெல்பர்ட் எதிர் மூலையில், தான் வேலை பார்க்கும் தானியக் கிடங்கின் முதலாளி கேலனுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

குளிர்காலம் முழுக்கப் பனியில் கால் விறைக்க அவள் வீடு வீடாக ஏறி இறங்கியது, இன்சுலின் விலைக்குக் கடிவாளம் போடுவேன் என்ற வேட்பாளரான செனட்டருக்காக. மகள் ஜனெல்லுக்கு இருபத்தாறு வயதானதும் பெற்றோரின் இன்சூரன்ஸிலிருந்து கழற்றி விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் மருந்தைப் பாதிப் பாதியாகத்தான் போட்டுக்கொள்கிறாள்.

கூட்டத் தலைவர் தலைகளை எண்ணி முடித்தார். "மார்லிஸ், குறைஞ்சபட்சக் கணக்கு தேற உங்க மூலைக்கு இன்னும் ஒரு ஆள் வேணும். அரை மணி நேரம் தர்றேன். வரலேன்னா கலைஞ்சு வேற மூலைக்குப் போயிடணும்."

ஆள் இழுக்கக் கொண்டுவந்திருந்த குக்கீஸ் தட்டோடு அவள் கூடத்தைச் சுற்றி வந்தாள். எல்லோரும் எடுத்துத் தின்றார்கள். ஒருத்தரும் நகரவில்லை. கடைசியில் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"டெல்பர்ட், வா."

"இங்க வேண்டாம். வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல என்னத்தைப் பேச? வர்றேன்னு வாக்குக் குடுத்ததே வீட்டுலதானே?"

அவன் கண் முதலாளி பக்கம் ஓடித் திரும்பியது. "வேலைன்னு ஒண்ணு இருக்குல்ல," என்று முணுமுணுத்தான்.

"உம் பொண்ணு மருந்தை மிச்சம் பிடிச்சு மிச்சம் பிடிச்சு போன மாசம் குளியலறையில மயங்கி விழுந்தா. தூக்கினது நீதானே? உனக்கெல்லாம் சூடு சொரணை இருக்கா?"

டெல்பர்ட் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். நகருடா பாவி மனுஷா என்று அவள் மனசுக்குள் கத்தினாள். அவன் நகரவில்லை. நேரம் முடிந்தது என்றார் தலைவர். அவளுடைய மூலை கலைந்தது.

கேலன் டெல்பர்ட் பக்கம் திரும்பினார். "என்னய்யா இது, போக வேண்டியதுதானே? நீ எங்க நின்னா எனக்கென்ன?"

டெல்பர்ட்டுக்கு முகம் வெளிறியது. "மார்லிஸ்..."

"வண்டிச் சாவியைக் குடு."

"நான் எப்படி வர்றது?"

"முதலாளி பக்கத்துலதானே நிக்கிறாரு, கொண்டு விடச் சொல்லு. ஜனெல் முழிச்சுக்கிட்டுதான் இருப்பா. எந்த மூலையில நின்னேன்னு நீயே அவகிட்ட சொல்லு."