நாற்பத்தோராவது கையெழுத்து

நாச்சம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயது. நாலு வருடம் தலைக்குள் யார் யாரோ பேசினார்கள். ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். திரும்பி வந்தவளைத் தேற்றியது, மனநோயிலிருந்து மீள்கிறவர்களுக்காகக் கோபாலபுரம் ரோட்டில் செல்வப்பிரியா நடத்திய பகல் வீடு. பஸ் ஏறவும், நாலு பேரிடம் முகம் பார்த்துப் பேசவும் அங்கேதான் மறுபடி பழகினாள். இப்போது பால் சொசைட்டியில் பால் அளக்கிறாள்.

பகல் வீடு இருந்த கட்டிடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பஞ்சாயத்து பழைய அங்கன்வாடியைத் தருவதாக இருந்தது. கூடாது என்று ஊரார் மனுக் கொடுத்தார்கள். பைத்தியங்கள் நடமாடினால் பெண்பிள்ளைகள் ரோட்டில் போக முடியாதாம். செல்வப்பிரியா கொண்டுவந்த நகலில் நாச்சம்மாள் ஒவ்வொரு பெயராகப் படித்தாள். பாதிப் பேர் தினமும் அவளிடம் பால் ஊற்றுகிறவர்கள். கடைசியாக, நாற்பத்தோராவது கையெழுத்து ஆறுச்சாமி, அவளுடைய அண்ணன்.

நேராகத் தோப்புக்குப் போனாள். அண்ணன் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்ணா, நானும் பைத்தியந்தானுங்களா?”

அவர் நிமிரவில்லை. “உன்னயச் சொல்லுல அம்மிணி. நீதான் நல்லாயிட்டயே. ஊரே போடறப்ப நா மட்டும் எப்படிப் போடாம இருக்கறது?”

“நா எங்க போயி நல்லானன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். அவள் குரல் உயர்ந்தது. சத்தம் கேட்டு வந்த அண்ணி, அவளை ஒரு மாதிரி பார்த்து, இன்னைக்கு மாத்திரை போட்டாயா என்று கேட்டாள்.

நாச்சம்மாள் அண்ணியிடம் திரும்பினாள். “போட்டுட்டனுங்க. மாத்திரை போட்டுட்டுத்தான் கோவப்படறேன்.”

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டு, பகல் வீட்டுக்கு வரும் சந்தனம் என்ற பெண்ணின் வீட்டில் போய்த் தங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை கிராமசபையில் மனுவை வாங்கி, நாற்பத்தோரு பெயரையும் உரக்கப் படித்தாள். இதில் யாரை நான் என்ன செய்துவிட்டேன், எழுந்து சொல்லுங்கள் என்றாள். ஒருவரும் எழவில்லை. அண்ணன் பின்வரிசையில் இருந்து மெல்ல வெளியே போனார். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பதாகத் தலைவர் சொன்னார்.

மறுநாள் காலை பகல் வீட்டு ஆட்கள் ஒன்பது பேரும் பூட்டிய அங்கன்வாடி வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் அண்ணன் வந்து, ஊட்டுக்கு வா என்று கூப்பிட்டார்.

“கையெழுத்த அடிச்சுட்டு வந்து கூப்புடுங்க” என்றாள்.

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அவள் பாயில் இன்னும் ஒருவர் வந்து உட்கார இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.